‘மக்கள் விசனம்’ என்பதற்கு அடுத்த வரி

இதழியல், வெகுசனத் தொடர்பாடல் முதுமாணிக் கற்கைக்குப் போகும் தீவகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்



போன கிழமை ஒரு பின்னேரம் எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். இதழியல் முதுமாணிக் கற்கைக்கு அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கரம்பொன்னில் இருந்து அப்படியொரு படிப்புக்குப் போவது சின்னக் காரியம் இல்லை. கைத்தொலைபேசியில் ஒரு பட்டியலைக் காட்டினாள். மேலே கட்டாயப் பாடங்கள். கீழே பத்துப் பன்னிரண்டு தெரிவுப் பாடங்கள்: தொலைக்காட்சித் தயாரிப்பு, விளம்பரம், மக்கள் தொடர்பு, இணைய ஊடகம், தரவு இதழியல், சூழலியல் இதழியல், ஊடகச் சட்டம், அபிவிருத்தித் தொடர்பாடல், முரண்பாட்டுச் சூழலில் செய்தி சேகரித்தல், ஊடக வரலாறு. “மாமா, இதிலை எதை எடுத்தா வேலை கிடைக்கும்?” என்று கேட்டாள்.

“யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை” என்று அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகும் அந்தப் பட்டியல் மனதைவிட்டுப் போகவில்லை. அவளுக்கு மட்டும் சொல்லவேண்டிய பதில் இல்லை அது என்று பட்டது. யாழ்ப்பாணத்திலோ களனியிலோ கொழும்பிலோ சென்னையிலோ இந்தப் படிப்பைத் தொடங்கப்போகும் வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, மண்டைதீவு, காரைநகர்ப் பிள்ளைகள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

நான் இதழியலில் பட்டம் பெற்றவன் இல்லை. இடம்பெயர்ந்து கிடந்த வருடங்கள் போக, மிச்சக் காலமெல்லாம் தீவகத்திலிருந்து செய்தி அனுப்பியவன். முதலில் கடிதவுறையில் வைத்து பஸ் சாரதியிடம் கொடுத்துவிட்டேன், பிறகு தொலைநகல், இப்போது வட்சப். அனுப்பும் வழி இரண்டு தரம் மாறியது. அனுப்பிய செய்தியின் முடிவு மட்டும் மாறவில்லை. ‘குடிநீர் விநியோகம் சீரில்லை: மக்கள் விசனம்’, ‘வீதி திருத்தப்படவில்லை: மக்கள் விசனம்’, ‘படகுச் சேவை தடை: மக்கள் விசனம்’. எங்கள் ஊர்ப் பக்கத்தில் இந்த இரண்டு சொற்களை நீங்கள் ஆயிரம் முறை வாசித்திருப்பீர்கள். அவற்றில் பல என் கையால் எழுதப்பட்டவை. விசனம் உண்மைதான். அதற்கு அடுத்த வரியில் என்ன எழுதுவது, யாரிடம் எதைக் கேட்டு அந்த வரியை எழுதுவது என்பது எனக்குத் தெரியவில்லை. அந்த அடுத்த வரியைக் கற்றுத் தரும் இடம்தான் தெரிவுப் பாடம் என்று இந்த வயதில் நம்புகிறேன். இந்த மடலின் சாரம் அவ்வளவுதான்.

கட்டாயப் பாடங்களைப் பல்கலைக்கழகம் உங்களுக்காகத் தெரிவுசெய்து வைத்திருக்கிறது. செய்தி எழுதுதல், பதிப்பித்தல், தொடர்பாடல் கோட்பாடு, ஆய்வு முறை, ஊடக ஒழுக்கம் என்று அவை எல்லோருக்கும் பொது. மாத்தறைப் பிள்ளையும் மதுரைப் பிள்ளையும் நீங்களும் அதைத்தான் படிக்கப் போகிறீர்கள். எப்படி எழுதுவது என்பதை அவை சொல்லித் தரும். எதைப் பற்றி எழுதும் தகுதியோடு வெளியே வருகிறீர்கள் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மட்டும் உங்கள் கையில் தரப்பட்டிருக்கிறது. அந்த உரிமையைத்தான் பலர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். எந்தப் பாடத்தில் புள்ளி இலகுவாகக் கிடைக்கும், எந்த விரிவுரையாளர் வரவுப் பதிவில் கடுமை காட்டமாட்டார், சிநேகிதி எதை எடுக்கிறாள் என்று பார்த்து அடையாளம் போட்டுவிடுகிறார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. வீட்டில் கடன் இருக்கும். தம்பி தங்கை படித்துக்கொண்டிருப்பார்கள். வேலை வேண்டும் என்ற பயம் நியாயமானது. ஆனாலும் இந்த ஐந்து நிமிடத்துக்கு மறுமொழியாக எங்கள் மண்ணில் ஒரு பழைய கதை உண்டு.

1913 ஓகஸ்ட் 2ஆம் திகதி இதே கரம்பொன்னில் ஒரு பிள்ளை பிறந்தது. ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் பாடசாலையிலும் யாழ்ப்பாணம் புனித சம்பத்திரிசியார் கல்லூரியிலும் படித்து, கொழும்பில் குருமடம் சேர்ந்து, ரோமாபுரிக்குப் போய் இறையியல் கற்றுக் குருவானது. இலத்தீன், இத்தாலியம் என்று ஐரோப்பிய மொழிகள் கைவந்த அந்த இளங்குரு 1940இல் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்துப் பாடசாலைக்குப் பணிக்குப் போனபோது வயது 27. அங்கேதான் ஒரு பண்டிதரிடம் தமிழ் இலக்கியத்தை முறையாகப் பாடம் கேட்கத் தொடங்கினார். குருத்துவத்துக்கு அது கட்டாயம் இல்லை. பிறகு 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், தன்னிலும் இளைய பிள்ளைகளோடு வகுப்பில் இருந்து தமிழில் முதுகலை படித்தார். அவர்தான் சேவியர் தனிநாயகம் அடிகள்.

அவராகத் தெரிவுசெய்த அந்த ஒரு பாடம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழ் அறியாத அறிஞர்கள் தமிழை அறிந்துகொண்ட வாசல்களில் அது முக்கியமானது. 1679இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் தேடிக் கண்டு, 1966இல் மீண்டும் அச்சில் கொண்டுவந்தார். 1964இல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார்; 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு நடந்தது. அவரை ஆய்வாளர் என்றே எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவர் ஓர் இதழாசிரியரும்கூட. தனக்குத் தெரிந்ததைத் தெரியாதவனுக்குப் புரியும்படி, ஆதாரத்தோடு, காலம் தவறாமல் அச்சில் கொடுப்பதுதானே இதழாசிரியர் வேலை? கோட்பாடு, மொழி, பயிற்சி எல்லாம் அவரிடம் முன்பே இருந்தன. எதைப் பற்றிப் பேசுவது என்பதைத் தந்தது, அவராகப் போய்ப் படித்த பாடம்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

முதலில் தண்ணீர். தீவகத்தில் பிறந்த எவருக்கும் நல்ல தண்ணீர்க் கிணறு எது, உவர்க் கிணறு எது என்று சின்ன வயதிலேயே தெரியும். ஏன் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தீவின் அடியில் சுண்ணக்கல். அந்தக் கல்லின் வெடிப்புகளிலும் துளைகளிலும் மழைநீர் இறங்கி, கடல்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்று கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவர் நூறு வருடங்களுக்கு முன்பே கணக்குச் சொன்னார்கள். அதையே மறுபக்கத்தால் பாருங்கள்: மோட்டர் போட்டு இறைத்து மேல்மட்டத்தை ஓரடி இறக்கினால், நாளடைவில் அடியிலிருந்து உவர் 40 அடி ஏறும். ஒரு கிணறு சவர் ஆவது கடவுளின் கோபமும் இல்லை, தற்செயலும் இல்லை. இந்தக் கணக்கை அறிந்த செய்தியாளர் ‘கிணறுகள் உவராகின்றன: மக்கள் விசனம்’ என்று நிறுத்தமாட்டார். எங்கே இறைக்கிறார்கள், எவ்வளவு இறைக்கிறார்கள், அனுமதித்தது யார், மழைநீரைத் தேக்கிய பழைய குளங்களும் கேணிகளும் என்ன ஆயின என்று அடுத்த வரியைக் கேட்பார். சூழலியல் இதழியல் அல்லது அறிவியல் இதழியல் என்ற பாடம் இதற்குத்தான்.

இது ஏட்டுக் கதை இல்லை. சுன்னாகத்தில் அனல் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். 2014, 2015இல் அது உச்சத்தில் இருந்தபோது, தண்ணீர் குடிக்கலாம் என்று ஒரு பக்கமும் குடிக்கக்கூடாது என்று ஒரு பக்கமும் அறிக்கைகள் வந்தன. நாங்கள் இரண்டு பக்கத்தையும் அப்படியே போட்டோம். நடுநிலை காத்தோம் என்று நினைத்தோம். மாதிரி எங்கே எடுத்தார்கள், எந்த ஆய்வுகூடம், எந்த அளவுக்கு மேல் ஆபத்து என்று கேட்கத் தெரிந்தவர்கள் எங்களில் மிகக் குறைவு. கடைசியில் 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்ட மக்களுக்கு அந்த மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா கொடுக்கவேண்டும் என்றது. வழக்கைக் கொண்டுபோனவர் தெற்கிலிருந்து வந்த சூழலியல் செயற்பாட்டாளர். எங்கள் கிணற்றைப் பற்றிய உண்மையை எங்கள் பேனா முதலில் நிறுவியிருக்க வேண்டும். அந்த மனவருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

அடுத்தது சட்டமும் தரவும். இதில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு வருடம் ஆடி ஆவணியில் கடும் வரட்சி. பவுசரில் தண்ணீர் வந்தது. கிழமைக்கு இத்தனை தரம் என்று சொல்லியிருந்தார்கள். அப்படி வரவில்லை என்று சனம் சொன்னது. நான் ஒரு வளவுக்குப் போனேன். அங்கே ஒரு வயதான அம்மா குசினிச் சுவரைக் காட்டினா. சுவரில் கரியால் கோடுகள். பவுசர் வந்த நாளுக்கு ஒரு நெட்டைக் கோடு. எத்தனை வாளி கிடைத்தது என்பதற்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கோடுகள். சில நாளில் நெட்டைக் கோடு மட்டும் நிற்கிறது, பக்கத்தில் ஒன்றும் இல்லை. “வண்டி வந்தது தம்பி, எங்கட ஒழுங்கைக்கு வரேக்கை தண்ணி முடிஞ்சுது” என்றா. அயலட்டையோடு வாக்குவாதம் வந்ததால் தனக்காக அவ போட்ட கணக்கு அது. நான் பத்திரிகையில் பார்த்த எந்தத் தரவு அட்டவணையும் அந்தச் சுவரைவிடத் துல்லியமாக இருந்ததில்லை.

அந்தக் கோடுகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். பவுசர் ஓடிய பதிவேட்டின் பிரதி வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டேன். பதிவேட்டையும் சுவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பதுதான் எண்ணம். கொஞ்ச நாளில் பதில் வந்தது: கேட்ட தகவல் தங்களிடம் இல்லை. சரி, முடிந்தது என்று நினைத்துவிட்டேன். ‘குடிநீர் விநியோகத்தில் குளறுபடி: மக்கள் விசனம்’ என்று நாலு வரி போனது.

அந்தப் பதில் முடிவே இல்லை என்று பிந்தித்தான் எனக்குத் தெரிந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதாவது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகவல் ஏன் வேண்டும் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். என் நாட்கள் கடந்துவிட்டன. மாரி தொடங்கியது, பவுசர் நின்றது, செய்தியும் செத்தது. அடுத்த வருடம் அந்த அம்மா சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டா.

எனக்குத் தெரியாமல் போனது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஊடகச் சட்டம் என்ற பாடத்தில் இரண்டு வகுப்பில் சொல்லித் தரக்கூடிய விஷயம். சுவரில் இருந்த கோடுகளைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு ஓர் அட்டவணை போடுவது தரவு இதழியலின் முதற்பாடம். அந்த இரண்டும் என்னிடம் இருந்திருந்தால் அந்தக் கோடுகள் செய்தியாகியிருக்கும். பிள்ளைகளே, உங்கள் கட்டாயப் பாடத்தில் ஊடகச் சட்டம் மேலோட்டமாகத்தான் வருகிறது என்றால், அதன் தெரிவுப் பாடத்தையும் எடுங்கள். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்குப் பிறகு, முகநூலில் நாலு வரி எழுதுகிறவருக்கும் சட்டம் தெரிந்திருக்க வேண்டிய காலம் இது. தரவு என்றவுடன் கணக்குக்குப் பயந்து ஒதுங்காதீர்கள். கூட்டல், கழித்தல், வீதம், சராசரி. இதற்கு மேல் அனேகமாகத் தேவைப்படாது. தேவைப்படுவது, எண்ணை எங்கே தேடுவது என்ற அறிவும் அதை நம்பலாமா என்று சோதிக்கும் பொறுமையும்.

மூன்றாவது, மொழி. பட்டியலில் சிங்களம் இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் வெளியே படியுங்கள். மயில்வாகனம் நிமலராஜன் என்ற பெயரை உங்கள் விரிவுரைகளில் கேட்பீர்கள். 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், யாழ்ப்பாண நகரில் தன் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். அந்த மாதம் நடந்த பொதுத்தேர்தலின் முறைகேடுகளை அவர் வெளியே கொண்டுவந்திருந்தார். ஆண்டுதோறும் நினைவு கூருகிறோம், படத்துக்கு மாலை போடுகிறோம். அவருடைய தொழிலை நாங்கள் போதுமான அளவு படிக்கவில்லை. பிபிசியின் தமிழ்ச் சேவைக்கும் சிங்களச் சேவைக்கும், ‘வீரகேசரி’க்கும், ‘ராவய’ என்ற சிங்கள வார இதழுக்கும் அவர் செய்தி தந்தார். யாழ்ப்பாணத்தில் நடப்பதைத் தென்னிலங்கைச் சிங்கள வாசகர் யாழ்ப்பாணத்தானின் வாயாலேயே கேட்க ஒரு வழி இருந்தது. அவருக்குப் பிறகு அந்த வழியில் நடக்க எத்தனை பேரை உருவாக்கினோம்? எங்கள் விசனத்தை எங்களுக்குள்ளேயே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தால், முடிவெடுக்கும் மேசைக்கு அது போய்ச் சேர்வதில்லை. முரண்பாட்டுச் சூழலில் செய்தி சேகரித்தல் என்ற பாடத்தையும் இந்த இடத்தில்தான் சேர்த்துச் சொல்கிறேன். செய்தி தருகிறவரின் பெயரை எப்படிக் காப்பது, தன் உயிரை எப்படிக் காப்பது என்று எங்கள் தலைமுறைக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. உங்களுக்கு எடுக்க ஆள் இருக்கிறது. இருந்து கேளுங்கள்.

நாலாவது, கடல். நெடுந்தீவுக்கு அப்பால் ஓர் இந்திய இழுவைப் படகு பிடிபட்டால், அடுத்த நாள் இராமேசுவரத்தில் ஒரு செய்தி வரும். யாழ்ப்பாணத்தில் ஒரு செய்தி வரும். அங்கே ‘மீனவர்கள் சிறைபிடிப்பு’. இங்கே ‘எல்லை தாண்டிய மீனவர்கள் கைது’. படகு ஒன்று, இரவு ஒன்று. அந்தப் படகுக்குச் சொந்தக்காரர் யார், அதில் கூலிக்கு வந்தவர் யார், கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவைமடியால் எங்கள் தொழிலாளியின் வலை எத்தனை தரம் அறுந்தது, 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தபின் எங்கள் பக்கத்திலேயே அது எப்படிக் கைக்கொள்ளப்படுகிறது என்ற கேள்விகள் இரண்டு பத்திரிகையிலும் இருக்காது. சென்னையில் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பேறு உண்டு. கடலின் இரண்டு கரையையும் அறிந்தவர்கள் நீங்களாக இருப்பீர்கள். ஒப்பீட்டு ஊடகம், எல்லை கடந்த செய்தி சேகரிப்பு என்று எந்தப் பெயரில் பாடம் இருந்தாலும் எடுத்து, இராமேசுவரத்துப் படகுத்துறையில் ஓர் இரவு இருந்து பாருங்கள். குறிகட்டுவான் துறையில் இருந்ததைப் போலவே இருக்கும்.

எங்கள் மூன்று தீவுகள் உலகப் பத்திரிகைகளில் வந்த கதையையும் நினைத்துப் பாருங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குச் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின் திட்டம். 2021 தொடக்கத்தில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. திட்டம் நின்றது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு. 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் ஒப்பந்தம். இந்த மூன்று வருடமும் டெல்லியிலும் பீஜிங்கிலும் கொழும்பிலும் இருந்து எழுதித் தள்ளினார்கள். எல்லாம் இரண்டு வல்லரசுகளின் கதை. நெடுந்தீவில் மருந்துக்குக் குளிரூட்டி வேண்டிய வைத்தியசாலை, ஐஸ் வேண்டிய மீனவர், இரவில் படிக்கும் பிள்ளை ஆகியோரை வைத்து அந்தக் கதையை எழுதியிருக்கவேண்டியவர்கள் நாங்கள். எங்களிடம் இருந்து போனது ‘மின்சாரம் தடை: மக்கள் விசனம்’.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அபிவிருத்தித் தொடர்பாடல் என்ற பாடத்தை உப்புச் சப்பில்லாதது என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1960களில் மணிலாவை மையமாகக் கொண்டு அபிவிருத்தி இதழியல் என்ற துறை உருவானபோது முன்னின்றவர்களில் ஒருவர் இலங்கையரான தார்சி விட்டாச்சி. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலியை உலகெங்கும் இந்தப் பாடத்தில் உதாரணம் காட்டுகிறார்கள். மலைநாட்டில் செய்ததைத் தீவகத்தில் ஏன் செய்யமுடியாது என்று உங்கள் ஆய்வேட்டில் கேளுங்கள். சென்னை ஆசிய இதழியல் கல்லூரியில், இல்லாமையில் வாழும் மக்களைப் பற்றி எழுதுவதை எல்லா மாணவருக்கும் கட்டாயப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் அதை ஒரு தடையாக நினையாமல் அதற்காகவே போங்கள்.

ஊடக வரலாறும் அப்படித்தான். 1841இல் ‘உதயதாரகை’ வந்த மண் இது. 1981 யூனில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிந்த மண்ணும் இதுதான். எரிந்ததால் எங்களுக்கு ஆவணத்தின் அருமை மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரியவேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இடம்பெயர்வால் வெறுமையான இந்தத் தீவுகளைப் பற்றி ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் இருக்கும் முதியவர்களிடம் கதை உண்டு. ஊருக்குத் திரும்பி வந்தவர்களிடமும் உண்டு. அவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பதிவுசெய்யும் முறையை அந்தப் பாடம் தரும்.

இனி அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு வருகிறேன். எதை எடுத்தால் வேலை கிடைக்கும்?

கமராவையும் படத்தொகுப்பையும் படியுங்கள். அவை இன்றைய எழுத்தாணிகள். தெரியாமல் தொழிலுக்குள் போகமுடியாது. விளம்பரமும் மக்கள் தொடர்பும் படிப்பவர்கள் பிழையான வழியில் போகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதிலும் சோறு உண்டு, நேர்மையாகச் செய்யலாம். நிருபர் வேலையின் நிலைமையை மறைக்கவும் மாட்டேன். பிராந்தியச் செய்தியாளருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, பிரசுரமான செய்திக்கு எண்ணிப் பணம் என்பதுதான் வழக்கம். அதனால்தான் சொல்கிறேன். கமரா பிடிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கணக்கில் வெளியே வருகிறார்கள். இப்போது ஒவ்வொரு கையிலும் கமரா இருக்கிறது. நிலத்தடி நீரறிக்கையை வாசித்துத் தமிழில் விளக்கவும், பிரதேச சபையின் பாதீட்டைப் பிரித்துப் பார்க்கவும், சிங்களத்தில் பேட்டி எடுக்கவும் தெரிந்த தமிழ்ச் செய்தியாளர் மிக அருமை. பத்திரிகை வைத்துக்கொள்ளாவிட்டாலும் ஆய்வு நிறுவனம், சர்வதேச செய்திச் சேவை, தொண்டு நிறுவனம் அவரைத் தேடும். ஆகவே இரண்டு பாடம் தெரிவுசெய்யலாம் என்றால் ஒன்று கைத்தொழிலுக்கு எடுங்கள். மற்றதை ஊருக்கு எடுங்கள்.

அடையாளம் போட முன்னர் மூன்று கேள்வியை உங்களிடமே கேளுங்கள். இந்தப் பாடத்தை முடித்தபின், இன்று என்னால் கேட்கமுடியாத எந்தக் கேள்வியைக் கேட்பேன்? இந்தப் பாடத்துக்கான ஒப்படையைத் தீவகத்தில் வைத்துச் செய்யமுடியுமா? இதை நான் எடுக்காவிட்டால், எங்கள் ஊரில் வேறு யாராவது இதை அறிந்தவர் இருக்கிறாரா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் விரிவுரையாளர் கடுமையானவர் என்று பயப்படாமல் எடுங்கள். பட்டியலில் நீங்கள் தேடும் பாடம் இல்லாவிட்டால் துறைத்தலைவரிடம் போய்க் கேளுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல், சட்டம், கடற்றொழில் விஞ்ஞானம் எல்லாம் இருக்கின்றன. புள்ளி கிடைக்காவிட்டாலும் அந்த வகுப்பின் பின்வாங்கிலில் இருந்து கேட்க அனுமதி கேளுங்கள். கேட்கிறவனுக்கு அனேகமாக இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

பிள்ளைகளே, கடைசியாக ஒரு வேண்டுகோள். பட்டியலை நிரப்பி அனுப்ப முன்னர் ஒரு சனி ஞாயிறு ஊருக்கு வாருங்கள். பண்ணைப் பாலத்தால் வந்தாலும் சரி, காரைநகரில் இருந்து பாதைப் படகில் வந்தாலும் சரி. வந்து உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். அம்மாவிடம், ஆச்சியிடம், இருபது வருடத்துக்கு முன் இது எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கொப்பியில் எழுதுங்கள். அதற்கு அடுத்த வரியை எழுத எந்தப் பாடம் தேவையோ, அந்தப் பாடத்துக்கு நேரே அடையாளம் போடுங்கள்.

இங்ஙனம்,
கரம்பொன்னிலிருந்து
உங்கள் ஊர்ச் செய்தியாளன்